சேலம் அம்மாபேட்டையில் 14 அடி அகலப் பழைய வீடு, 38 லட்சம் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாடகைவாசி:

வணக்கம். அம்மாபேட்டையில் உள்தெருவில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. போய்ப் பார்த்தோம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, அதனால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது, பிடித்துப்போன பிறகு குறை கண்ணுக்குத் தெரியாது இல்லையா.

மனை கிழமேல் 14 அடி, தென்வடல் 52 அடி, 728 சதுர அடி. வடக்கு வாசல். முன்னால் திண்ணை, அப்புறம் நீளக் கூடம், நடுவில் சின்ன முற்றம் (இப்போது மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருக்கிறார்கள்), ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் குளியலறையும் கழிவறையும். முன்பாதி மெட்ராஸ் டெரஸ், பின்பாதி ஓடு. கட்டி அறுபது எழுபது வருடம் இருக்கும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டியே இருக்கின்றன.

வீட்டுக்காரப் பெரியவர் தறி போட்டுப் பிழைத்தவர், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. இரண்டு மகன், மூன்று மகள். மூத்த மகன்தான் எல்லாம் பேசுகிறார். இளையவர் அப்பாவுக்குப் பிறகு தவறிவிட்டார், அவருக்கு மனைவியும் எட்டாவது படிக்கும் பையனும் உண்டு. தங்கைகளைப் பற்றிக் கேட்டால், ‘அவங்களுக்கெல்லாம் சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, எதுவும் கேக்க மாட்டாங்க’ என்கிறார்.

கையில் 11 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன். இதே பணத்துக்கு அயோத்தியாபட்டணம் தாண்டிப் புது வீடே கிடைக்கும், ஆனால் அம்மாவுக்கு ஊருக்குள் இருந்தால்தான் நிம்மதி, பிள்ளைகள் பள்ளியும் பக்கம். வீட்டை எப்படி மதிப்பிடுவது, எதை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுவரெல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது.

கொத்துக்கரண்டி:

பழைய வீட்டுக்குப் புதுப் பெயின்ட் என்றாலே நான் முதலில் கீழே மூன்றடி உயரத்தைத்தான் பார்ப்பேன். அந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறி மூன்று நான்கு அடி வரை வரும், உப்புப் பூக்கும், பூச்சு பொருக்குத் தட்டும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை ஈரம் வெளியே காய்ந்துபோகும். நடுவில் யாராவது புண்ணியவான் ‘பலமா இருக்கட்டும்’ என்று சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் ஈரத்துக்குப் போக வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சாமி அலமாரியின் கீழ்ப்பக்கம் எல்லாம் கையை வைத்துப் பாருங்கள், அங்கெல்லாம் பெயின்டர் போயிருக்க மாட்டார். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தால் வீடே உண்மையைச் சொல்லிவிடும்.

அப்புறம் மச்சு. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தது. ஒழுங்காக வைத்திருந்தால் நூறு வருடம் நிற்கும், அதில் சந்தேகமே இல்லை. கெடுவது எங்கே என்றால் கட்டையின் நடுவில் இல்லை, கட்டை சுவருக்குள் நுழையும் முனையில். அங்கேதான் மழைத்தண்ணீர் இறங்கி மக்கும், கரையானும் ஏறும். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு முனையிலும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை போச்சு. ஒன்றிரண்டு என்றால் மாற்றலாம், பாதிக்கு மேல் என்றால் மச்சையே பிரித்துத்தான் ஆக வேண்டும். கீழே நின்று பார்க்கும்போது கட்டைகள் நடுவில் தொய்ந்திருக்கிறதா, செங்கல் இடுக்கிலிருந்து தூள் விழுகிறதா என்பதும் முக்கியம்.

மாடிக்கும் போங்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசஞ்செடி முளைத்திருக்கிறதா, தட்டோட்டின் மேல் சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்களா, தண்ணீர்த் தொட்டி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். சுவரின் மேல் உட்கார்ந்தால் பரவாயில்லை, கூடத்துக்கு நடுவில் கட்டையின் மேல் என்றால் உடனே இறக்க வேண்டும்.

இன்னொன்று, தறி போட்ட வீடு என்கிறீர்கள். குழித்தறியா? கூடத்தில் தறிக்குழி இருந்த இடத்தைக் கேட்டு வையுங்கள். தறியை எடுத்த பிறகு குழியை வீட்டுக் குப்பை, உடைந்த ஓடு, மண் என்று கையில் கிடைத்ததைப் போட்டு மூடி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த இடம் மட்டும் தாழும். டைல்ஸை ஒரு காசால் தட்டிக்கொண்டே நடங்கள், சத்தம் மாறும் இடம் தெரியும். தோண்டி, கெட்டித்து, மறுபடியும் தளம் போடுவது பெரிய வேலை இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

பத்திரப்புலி:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் வாரிசைத் தட்டிப் பாருங்கள். இந்த வீட்டில் எனக்கு ஈரத்தைவிடப் பயம் அந்தச் ‘சீர் செஞ்சாச்சு’ பேச்சுதான்.

பெரியவரின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. ஒருவேளை பூர்வீகச் சொத்து என்று நாளைக்குப் பேச்சு மாறினாலும், 2005 மத்தியச் சட்டத் திருத்தத்துக்கும் அதன்மேல் 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு மகளுக்குப் பங்கில்லை என்று சொல்ல வழியே இல்லை. எத்தனை பவுன் போட்டார்கள், எத்தனை சீர்வரிசை எடுத்தார்கள் என்பதெல்லாம் பங்கை அழிக்காது. மூன்று பேரும் பத்திரத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ‘அப்புறம் விடுதலைப் பத்திரம் வாங்கித் தருகிறேன்’ (பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம்) என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கிரயப் பத்திரத்திலேயே எல்லோரும் விற்பவர்களாகச் சேருவதுதான் சுத்தமான வழி.

அந்தப் பையன் விஷயம் இன்னும் முக்கியம். இளையவரின் பங்கில் மனைவிக்கும் மகனுக்கும் உரிமை உண்டு. மைனரின் பங்கை அம்மாவே விற்றுவிட முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினால், பையன் 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனை செல்லாது என்று வழக்குப் போடலாம். இப்போது எட்டாவது படிக்கிறான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவு காலம் உங்கள் தலைமேல் தொங்கும். அனுமதிக்குச் சில மாதம் ஆகும், அவன் பங்குப் பணத்தை அவன் பெயரில் வங்கியில் போடச் சொல்வார்கள். அவசரப்படுத்தும் புரோக்கரிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வாங்கிப் பார்க்க வேண்டியவை: பெரியவர் வாங்கிய மூலப் பத்திரத்தின் அசல் (நகல் காட்டினால் அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்), தவறியவர் ஒவ்வொருவருக்கும் தாசில்தார் தந்த வாரிசுச் சான்று, குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்), டவுன் சர்வே பதிவேட்டுப் பிரதி. வில்லங்கம் இணையத்தில் பெரும்பாலும் 1975 வரைதான் போகும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பது வில்லங்கத்தில் வந்துவிடும் என்று நம்ப முடியாது, நீதிமன்றத் தளத்தில் வாரிசுகளின் பெயர் போட்டு ஒருமுறை தேடிவிடுங்கள்.

பழைய பத்திரத்தில் நான்கெல்லையும் ‘கிழமேல் ஜாதியடி இத்தனை’ (கிழக்கு மேற்காக இத்தனை அடி) என்றும் எழுதியிருப்பார்கள். அதில் கீழ்புறச் சுவர் (கிழக்கு), மேல்புறச் சுவர் (மேற்கு) யாருடையது, பொதுச்சுவரா என்று ஒரு வரி இருக்கும், அந்த ஒரு வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். டேப் வைத்து நீங்களே அளந்து பத்திரத்தோடும் டவுன் சர்வே அளவோடும் ஒத்துப்பாருங்கள். திண்ணையும் படியும் மனைக்குள் வருகிறதா, தெருவில் நிற்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

குகைக்காரன்:

வேண்டாம். 14 அடி அகலத்தில் இரண்டு பக்கச் சுவரைக் கழித்தால் உள்ளே பன்னிரண்டரை அடி. அதில் என்னதான் மாற்றிக் கட்டினாலும் ரயில் பெட்டி மாதிரிதான் வரும். கார் வாங்கினால் அடுத்த தெருவில் நிறுத்தி அந்தத் தெருக்காரனோடு சண்டை. அதுவும் தெருக்குத்தா (வாசலுக்கு நேரே தெரு வந்து முட்டுகிறதா) என்று பார்த்தீர்களா? நீங்கள் நம்ப வேண்டாம், நாளைக்கு விற்கும்போது வருகிறவன் நம்புவான், அங்கே இரண்டு மூன்று லட்சம் அடிபடும். அயோத்தியாபட்டணம் பக்கமே போங்கள், பஸ் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

குகைக்கார அண்ணன் சொல்வதில் பாதி சரி. நான் இருப்பதும் இதே மாதிரி வீடுதான், இன்னும் ஓரடி குறைவு. சித்திரையில் வெளியே தார் உருகும்போது எங்கள் கூடத்தில் ஃபேன் மட்டும் போதும், சுண்ணாம்புச் சுவரும் உயர மச்சும் அப்படி. பக்கத்துத் தெருவில் புதுசாகக் கான்கிரீட் போட்டவர்கள் இரவு முழுக்க ஏசியைத்தான் நம்புகிறார்கள். மாமியார் காய்கறிக்குப் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, கோயில் நடந்து போகிற தூரம், ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் தெருவே எழுந்து வரும். உங்கள் அம்மாவுக்காக என்று சொன்னதால் இதைச் சொல்கிறேன், தூரத்தில் புது வீட்டில் வயதானவர்கள் பகல் முழுக்கத் தனியாக டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முற்றத்தைத் திறந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டு வீடு என்றால் ஜன்னல் வைக்க இடமே கிடையாது, வெளிச்சமும் காற்றும் வருவது அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான், அதையும் ஷீட் போட்டு மூடினால் நடுவீடு இருட்டும் புழுக்கமும்தான். கம்பிவலை போட்டு, மழைக்கு மட்டும் இழுக்கிற மாதிரி வைக்கலாம். தரையில் வடிகால் அடைக்காமல் இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

வீட்டைக் காலை பத்து மணிக்குக் காட்டுவார்கள். நீங்கள் ராத்திரி ஒன்பதுக்கும், விடியற்காலையும், ஒரு ஞாயிறும் போங்கள். பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறதா, எத்தனை மணி வரை, சுவர் அதிர்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். எங்கள் பக்கம் வெள்ளிப் பட்டறைகள், தட்டுகிற சத்தம் பழகிவிடும், ஆசிட் நெடி பழகாது. மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குழாயில் எவ்வளவு நேரம் என்று எதிர் வீட்டு அக்காவிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

இன்னொரு விஷயம் ஆண்கள் பார்க்க மாட்டார்கள்: வாசல்படி. ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது. முன்பு மூன்று படி ஏறிய வீட்டில் இப்போது ஒரு படிதான் இருக்கும். திருமணிமுத்தாறு பக்கம் தாழ்வான தெருக்களில் பெருமழைக்குச் சாக்கடை எதிர்த்து உள்ளே வரும். அந்தத் தெருவில் கதவின் கீழ்ப்பகுதி உளுத்திருக்கிறதா, வாசலில் எவராவது அரையடி சுவர் கட்டித் தடுத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே போதும்.

வாடகைவாசி:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி போனேன், தெரு அமைதிதான், இரண்டு வீடு தள்ளி ஒரு தறிக்கூடம் இருக்கிறது, ஒன்பதுக்கு நிறுத்திவிடுகிறார்கள். தெருக்குத்து இல்லை. படி இரண்டு மிச்சம் இருக்கிறது, கதவு நன்றாக இருக்கிறது. கூடத்தில் காசால் தட்டினேன், இடது சுவரை ஒட்டிக் கட்டில் அளவுக்குச் சத்தம் வேறாக வருகிறது, கேட்டதற்கு ‘ஆமா, அப்பா தறி அங்கதான் இருந்துச்சு’ என்றார். மச்சுக் கட்டைகளில் பின்பக்கம் இரண்டு முனை மக்கியிருக்கிறது, மற்றது கெட்டி. மூலப் பத்திரத்தில் ‘மேல்புறச் சுவர் பொது’ என்று இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம், பின்னால் இடித்துக் கட்டினால் சிக்கல் வருமா? மகள்களில் கடைசி ஒருவர் ஈரோட்டில் இருக்கிறார், அவரிடம் இன்னும் யாரும் பேசவே இல்லையாம்.

கொத்துக்கரண்டி:

மேல்புறச் சுவரில் பக்கத்து வீட்டுக் கட்டையும் உட்கார்ந்திருக்கும். நீங்கள் நினைத்த நேரத்துக்கு இடிக்க முடியாது, அவர் சம்மதம் இல்லாமல் அதில் துளை போடவும் முடியாது. இடித்துக் கட்டினால் அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டு உங்கள் பக்கம் தனித் தூண் எழுப்ப வேண்டியிருக்கும், அகலத்தில் இன்னும் முக்காலடி ஓரடி போகும். குகைக்காரர் சொன்ன பன்னிரண்டரை அடி அப்போது பதினொன்றரை.

மாநகராட்சி அனுமதியும் பாருங்கள். தெரு தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் பக்கத்தில் இடம் விட வேண்டியதில்லை. இல்லையென்றால் விட வேண்டியிருக்கும், 14 அடியில் மூன்றடி போனால் கட்டுவதற்கே அர்த்தம் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரை மனைக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் விதிப்படி வரைபடம் இருந்தால்தான். வாங்குவதற்கு முன்பே ஒரு பதிவுபெற்ற பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். தெருவுக்குள் மணல் லாரி வருமா, டாட்டா ஏஸ்தானா என்பதையும் பாருங்கள். சின்ன வண்டிதான் என்றால் செங்கல், ஜல்லி, இடித்த மண் எல்லாவற்றுக்கும் இரட்டைக் கூலி.

அதனால் என் கணக்கு நேர்மாறு. இதை மனை விலைக்கு வாங்கி இடிக்கிற வீடாகப் பார்க்காதீர்கள், மனைக்கு உள்ள விலையே இடித்துக் கட்ட முடியும் என்ற நம்பிக்கையில் சொல்வதுதானே. பழுதுபார்த்துக் குடியிருக்கிற வீடாகப் பாருங்கள். இரண்டு கட்டை, தறிக்குழி, பின்பக்க ஓட்டைத் தாங்கும் கைமரமும் ரீப்பரும், கீழ்ச் சுவரில் சிமென்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, எர்த் கம்பியோடு முழு வயரிங், குளியலறைக் குழாய்கள். வயரிங் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், மரச் சட்டத்தின்மேல் ஓடுகிற பழைய ஒயரை நம்பி கீசர் போடக் கூடாது. இவ்வளவுக்கும் ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போய் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை மூத்தவர் முன்னால் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

728 சதுர அடிக்கு 38 லட்சம் என்றால் அடி 5,220 ரூபாய் பக்கம் வருகிறது. அதே தெருவில் கடைசியாகப் பதிவான கிரயம் என்ன என்று பாருங்கள், புரோக்கர் சொல்லும் விலை இல்லை.

கடன் கணக்கு இப்படி. ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு 30 லட்சம் வரை கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு, அதற்குமேல் 75 லட்சம் வரை 80. ஆனால் ‘மதிப்பு’ என்பது நீங்கள் பேசிய விலை இல்லை, வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவது. அவர் 32 லட்சம் எழுதினால் அதிகபட்சம் 28.8. பழைய ஓட்டு வீட்டுக்கு வங்கி முழு 90 தருவது அபூர்வம், 80 என்றால் 25.6. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு, 38 லட்சத்துக்கு 3.42 லட்சம், இதற்குக் கடன் வராது. முதல் கணக்கில் உங்கள் கையிலிருந்து 12.62 லட்சம், இரண்டாவதில் 15.82. கையில் 11 தானே இருக்கிறது, பழுதுபார்க்கிற செலவு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதனால் இந்த விலையில் உங்களால் முடியாது. 32 அல்லது 33க்குப் பேசிப் பாருங்கள், வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மனைவி பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும் என்று யாராவது சொல்வார்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான், உங்களுக்கு வராது. ‘பத்திரத்தில் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாக’ என்ற பேச்சு வந்தால், கடனும் குறையும், நாளைக்கு விற்கும்போது லாப வரியும் உங்கள் தலையில். சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பணம் பெறுகிறவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது, மூத்தவரிடம் இதைச் சொல்லுங்கள், அவரே செக் கேட்பார்.

குகைக்காரன்:

33க்கு வந்தால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் பைக் நிறுத்தத் திண்ணையை இடிக்காதீர்கள், சாயங்காலம் உட்கார வேறு இடம் கிடையாது.

பத்திரப்புலி:

ஈரோட்டு அக்காவிடம் யாரும் பேசவில்லை என்பதுதான் இப்போது முதல் வேலை. மூத்தவர் மூலமாக இல்லை, அவரையும் வைத்துக்கொண்டு ஐந்து வீட்டாரும் ஒரே நாளில் உட்கார்ந்து விலையையும் யாருக்கு எவ்வளவு என்பதையும் பேசச் சொல்லுங்கள், அதில் நீங்கள் தலையிட வேண்டாம். அவர்களுக்குள் ஒத்துப்போன பிறகு கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் அது சண்டைக்குத்தான் உதவும்.

ஒப்பந்தத்தில் முன்பணம் சின்னத் தொகையாக, காசோலையில், மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வந்த தேதியிலிருந்துதான் கெடு ஆரம்பம் என்று எழுதுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் இத்தனை நாளில் திரும்பும் என்றும் ஒரு வரி. ஒப்பந்தம் போட்டதும் உங்கள் வழக்கறிஞர் பெயரில் தினசரி ஒன்றில் அறிவிப்பு கொடுங்கள், கேட்பாரற்ற பங்காளி எவராவது இருந்தால் அப்போது வெளியே வருவார். மின் இணைப்பு விசைத்தறிக் கட்டணத்தில் இருக்கிறதா வீட்டுக் கட்டணத்திலா என்று பழைய ரசீதில் பாருங்கள், மாற்ற வேண்டியிருந்தால் பத்திரத்துக்கு முன்பே அவர்களையே மாற்றித் தரச் சொல்லுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டண பாக்கியும் அப்படித்தான், கடைசி அரையாண்டு ரசீதைக் கையில் வாங்கின பிறகு பதிவுக்கு நாள் குறியுங்கள்.